இருபத்து நான்காம் எண் வீட்டுக்குத் தண்ணீர் வழங்கப்பட்ட விவரம்

ஐந்திணை நகரில் வீடுகள் இருபத்து நான்கு. அவற்றைக் கவனித்துக்கொள்ள ஒரு குழு இருந்தது. அதன் முழுப்பெயர் 'ஐந்திணை நகர் குடியிருப்போர் நலன், அடிப்படைச் சேவைகள் மற்றும் சமுதாய நிதி மேற்பார்வைக் குழு'. பெயர் ஒரு பலகையில் அடங்கவில்லை. இரண்டு பலகை வைத்தார்கள். இரண்டாவது பலகையை நிறுத்த, தண்ணீர்க் குழாய்க்கென்று வந்திருந்த இரும்புக் கம்பிகள் பயன்பட்டன.

நகர் என்பது பெயரில் மட்டும்தான். மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியின் சரிவில், வரிசைக்கு ஆறு வீடாக நான்கு வரிசை, படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும். தண்ணீர்த் தொட்டி இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவில் இருந்தது. கீழே இருந்த இரண்டு வரிசைக்கும் தண்ணீர் நன்றாகப் போயிற்று. மூன்றாம் வரிசையில் விடிகாலையில் விரல் தடிமனுக்கு வரும். நான்காம் வரிசைக்கு வரவே இல்லை. 'தண்ணீர் கீழ்நோக்கியே செல்லும் என்பது தொட்டி கட்டி முடிக்கப்பட்ட பின்னர் ஆய்வில் தெரியவந்தது' என்று குழு தன் முதல் ஆண்டறிக்கையில் எழுதியிருந்தது.

நான்காம் வரிசையில் ஐந்து வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுப் பழைய ஊருக்கே போய்விட்டார்கள். பூட்டிய வீடுகளிலிருந்து புகார் எதுவும் வராததால், அந்த ஐந்தும் 'குறைகளற்ற வீடுகள்' பட்டியலில் சேர்ந்தன. மிச்சம் இருந்தது இருபத்து நான்காம் எண். அதில் கண்ணாயியும் அவள் புருஷன் செல்லமுத்துவும் இருந்தார்கள்.

அவர்களால் போக முடியாது. அவர்களுடைய மிளகுக்கொடிகள் அந்த வீட்டுக்குப் பின்னால்தான் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்தன. போன அறுப்பில் செல்லமுத்து ஏணியிலிருந்து விழுந்து, தொடை எலும்புக்குக் கம்பி வைத்திருந்தது. அதற்கு முன்னால் அவன்தான் தோளில் காவடி போட்டு, நடைக்கு இரண்டு குடமாக ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவான். இப்போது கண்ணாயி நடைக்கு ஒரு குடம். ஊற்று நூற்றுப் பன்னிரண்டு படி கீழே. ஒரு நடைக்கு அரைமணி நேரம், நாளுக்கு எட்டு நடை.

அந்த நாலு மணி நேரம்தான் அவளை அரித்தது. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்துவிட்டால் அன்றைக்கே பறித்துவிட வேண்டும். விட்டால் உதிரும். படியில் குடத்தோடு ஏறும்போதெல்லாம் பின்னால் மிளகு உதிர்வது காதில் கேட்பதுபோல் இருக்கும். மிளகு உதிரும் சத்தம் யாருக்கும் கேட்காது என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் நடையை எட்டிப் போடுவாள், தண்ணீர் தளும்பும், அப்புறம் மெல்ல நடப்பாள்.

தொட்டியிலிருந்து மேல் வரிசைக்கு நூறடிக் குழாயும் ஒரு சின்ன மோட்டாரும் போட்டால் போதும். இது சின்ன விஷயம், சொன்னால் செய்துவிடுவார்கள் என்று நினைத்து, தை மாதம் ஒரு நாள் குழுக் கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில். அன்று மலையடிவாரப் பேளுக்குறிச்சியில் வாரச் சந்தை. மலையில் நடமாட முடிந்தவர்கள் எல்லாரும் மிளகு, மரவள்ளி, வாழைத்தார் என்று தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடுவார்கள். ஆனால் ஒருங்கிணைப்பாளர் கோகுல்நாத் மலைக்கு வருவது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் ஜீப் வேறு திட்டத்தில் இருந்தது.

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நடுவில் கோகுல்நாத், முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை. அவருக்கு வலப்பக்கம் குழுத் தலைவர் கந்தப்பன். இடப்பக்கம் கூட்டக் குறிப்பு எழுதும் தாமரைச்செல்வி. எதிரில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. கண்ணாயி கடைசி வரிசையில் ஒன்றின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எத்தன பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்டார் கோகுல்நாத்.

கண்ணாயி திரும்பிப் பார்த்தாள். "நான் ஒருத்திதானுங்க."

"பதினாறு வீட்டுக்காரங்க வேணும். மூணுல ரெண்டு பங்கு."

"எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் ஒரு தண்ணி விசயமா..."

"சொல்லாதீங்க." கோகுல்நாத் கையை உயர்த்தினார். "எண்ணிக்கை இல்லாம ஒரு குறையக் கேட்டா அது விதிமீறல். நீங்க சொல்லல. நான் கேக்கல."

"சரிங்க. எப்பச் சொல்றது?"

"எண்ணிக்கை வந்தப்புறம்."

ஆனாலும் கூட்டத்தை முறைப்படிதான் முடிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்த்துவது பயனாளியாக இருக்க வேண்டும். கண்ணாயி எழுந்துபோய்ப் போர்த்தினாள். படம் எடுத்தார்கள். பிறகு தாமரைச்செல்வி பொன்னாடையை மடித்து மறுபடி பையில் வைத்தாள். இருந்தது அந்த ஒன்றுதான். கடைசியாக 'கூட்டம் நடைபெறவில்லை எனக் கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது' என்று எழுதி நீட்டினாள். ஒருமனது என்பது கண்ணாயியின் மனது. அவள் பெருவிரலை வைத்தாள்.

வெளியே வரும்போது கந்தப்பன் அவளை நிறுத்தினார். அவர் மலைக்காரர் அல்ல. பேளுக்குறிச்சியில் தோப்பும், கிணறும், சந்தைத் திடலை ஒட்டி ஒரு குடோனும் உள்ளவர். ஐந்திணை நகரில் அவருக்கு வீடு கிடையாது.

"என்ன கண்ணு, இந்த ஆளு எதுக்கு இங்க தலைவருன்னு பாக்கறயா?" என்றார். "குறை இருக்கறவன் தலைவனா வந்தா தன் குறையத்தான் பாப்பான். எனக்கு ஒரு குறையும் இல்ல. ஊட்டுல தண்ணிக்கு ரெண்டு போரு. அதனாலதான் எல்லாருமாச் சேந்து என்னை உக்கார வெச்சுட்டாங்க."

"நல்லதுங்க," என்றாள் கண்ணாயி.

அடுத்த சந்தை நாளும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். மூன்று முறை பொன்னாடை போர்த்தினாள். கூட்டம் நடைபெறவில்லை என்று மூன்று முறை ஒருமனதாக முடிவு செய்தாள். அதற்குள் மூன்று சந்தை போயிற்று. பறித்துக் காயவைத்த மிளகு மூட்டையில் கிடந்தது.

மூன்றாவது முறை விரலை வைத்துவிட்டு, மசியைத் தலையில் துடைத்துக்கொண்டே தாமரைச்செல்வியிடம் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாச் சனமும் சந்தையிலதான் கண்ணு இருக்குது. அங்க வெச்சா பதினாறு என்ன, அறுபது வருமே."

அதை அவள் சும்மாதான் சொன்னாள். கோகுல்நாத் காதில் விழுந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார்.

"மக்களைத் தேடிச் செல்லும் குழு," என்றார். "எழுதிக்குங்க தாமரை."

அப்படித்தான் கூட்டம் மலையிலிருந்து இறங்கியது. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. விதி ஒன்பதின்படி கூட்டம் நகர் எல்லைக்குள் நடக்க வேண்டும். பேளுக்குறிச்சி மலைப்பாதையில் எழுபது வளைவுக்குக் கீழே இருந்தது. சந்தைத் திடலில், கந்தப்பன் குடோனுக்கு எதிரே, லாரிகள் நிற்கும் இடத்தை 'ஐந்திணை நகர் விரிவாக்கம்' என்று அறிவிக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தையே நகர் எல்லைக்குள்தான் போட வேண்டும் என்று தாமரைச்செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். கோகுல்நாத் யோசித்தார். இந்தத் தீர்மானம் நிறைவேறிய பிறகு, இது நிறைவேறிய இடம் முன்பிருந்தே எல்லைக்குள் இருந்ததாகக் கருதப்படும் என்று இன்னொரு தீர்மானம் போட்டார்.

எண்ணிக்கைக்குக் குறைவில்லை. மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள். கோழி விற்க வந்தவர் இரண்டு கையிலும் கோழி இருந்ததால் கோழியோடு தூக்கினார். அவர் எந்த ஊரென்று யாரும் கேட்கவில்லை.

"இனி சொல்லலாங்களா?" என்று கேட்டாள் கண்ணாயி.

"சொல்லக் கூடாதும்மா," என்றார் கோகுல்நாத், அன்பாக. "வரையணும்."

தேவைகளை மக்களே கலர்ப்பொடியால் தரையில் வரைந்து காட்ட வேண்டும். அதுதான் பங்கேற்பு முறை. நீலம் தண்ணீர், பச்சை மரம், மஞ்சள் மின்சாரம், ரோஸ் திருவிழா. நின்ற இடத்திலிருந்து தொடங்குவது மரபு என்பதால் முதலில் கந்தப்பன் குடோனை வரைந்தார்கள். பிறகு அவர் கிணறு. பிறகு அவர் வீட்டு இரண்டு போர். பிறகு மலைப்பாதை. எழுபது வளைவையும் விடாமல் போட்டார்கள். தொட்டிக்கும் கீழ் இரண்டு வரிசைக் குழாய்களுக்கும் வந்தபோது நீலம் அடித்தட்டில் இருந்தது. கண்ணாயி முறை வந்தபோது தட்டு காலி.

"எது மிச்சம் இருக்கோ அதுல போடுங்க. கருத்துதான் முக்கியம்," என்றார் கோகுல்நாத்.

மிச்சம் இருந்தது ரோஸ். கண்ணாயி குந்தி உட்கார்ந்து, தன் வீட்டையும் ஊற்றையும் போட்டு, நடுவில் நூற்றுப் பன்னிரண்டு படியில் இருபது மட்டும் போட்டாள். அதற்குள் ஒரு லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

இரண்டாம் வரிசை ராசாமணி மரவள்ளிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "ஏங் கண்ணாயி, உனக்கென்ன கொறச்சல். உச்சாணியில உக்காந்துட்டு நல்லாக் காத்து வாங்கற. எங்களுக்குத் தண்ணி மட்டுந்தான் வருது."

"வேணும்னா மாத்திக்கலாம் வா," என்றாள் கண்ணாயி.

"எனக்கு மூட்டு வலி இருக்குதே," என்றாள் ராசாமணி, கூடை ஆடாமல் நடந்துபோய்.

பத்து நாளில் மேல் வரிசைக்கு ஒலிபெருக்கி வந்தது. வரைபடத்தின்படி இருபத்து நான்காம் எண் வீட்டின் தேவை திருவிழா. பூட்டிய வீட்டுக் கூரையில் அதைக் கட்டிவிட்டுப் போனார்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு அது தானாகப் பேசும். 'ஒவ்வொரு துளியும் உயிர்த்துளி. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்.' கண்ணாயி அந்த நேரத்துக்கு முதல் குடத்தோடு அறுபதாவது படியில் இருப்பாள்.

"நம்மளத்தான் சொல்லுதாட்ட இருக்குது," என்றான் செல்லமுத்து, காலை நீட்டிப் படுத்தபடி.

"பேசாம இருங்க."

"இல்ல, நேத்து நீ ரெண்டு தடவ மூஞ்சி கழுவுன. பாத்திருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நேரம் போகும். அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த சந்தை நாளில் காலிக் குடத்தையும் கையோடு எடுத்துப்போனாள். இனி எந்தக் கலரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். விரிவாக்கப் பகுதியில், பதினாறு வீட்டுக்காரர்களும் இருக்கையில், குடத்தைக் கோகுல்நாத் முன்னால் வைத்தாள்.

"தண்ணிங்க," என்றாள். "திருவிழா இல்லீங்க. தண்ணி. எம் பேர்ல ஒரு குழாய் வேணுங்க."

கோகுல்நாத்துக்கு அவள்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. அவர் கெட்டவர் அல்ல. பயனாளி தன் குறையைக் குறை உள்ள இடத்தில் நின்று சொல்லும் படம் இருந்தால் நேரடி ஒப்புதல் கிடைக்கும், செயலியில் அப்படி ஒரு வசதி புதிதாக வந்திருக்கிறது என்றார். கண்ணாயியைக் குடத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். செல்போன் ஒரு பச்சைக் குறி காட்டியது.

"இடத்தையும் அதுவே குறிச்சுக்கும். தப்பே வராது," என்றார்.

தப்பு வரவில்லை. படம் எடுத்த இடத்தைச் செயலி அடி பிசகாமல் குறித்துக்கொண்டது. நிதியாண்டு முடிகிற மாதம். வந்த நிதி திரும்பிப் போய்விடக் கூடாது. எல்லாம் வேகமாக நடந்தது. மூன்றே வாரத்தில், கண்ணாயி நின்ற அதே இடத்தில், கந்தப்பன் குடோனுக்கு எதிரே, சிமென்ட் மேடை கட்டிப் பித்தளைக் குழாய் போட்டார்கள். மேடையில் எழுதியிருந்தது: 'ஐந்திணை நகர், கதவு எண் 24, தனிநபர் இல்லக் குடிநீர் இணைப்பு.'

அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்தாள்.

"என் ஊடு மேல இருக்குதுங்களே," என்றாள்.

"இருக்கட்டும். இதுவும் ஐந்திணை நகர்தானே," என்றார் கோகுல்நாத். "தீர்மானம் இருக்கு. நீங்களும் கை தூக்கினீங்க."

தூக்கியிருந்தாள்.

"மேல மாத்த முடியாதுங்களா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்புதாம்மா. முதல்ல இத நிறைவு செஞ்சு முடிக்கணும். முடிச்சா, இடமாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் போடலாம். முடிக்காம இடமாற்றம் கேக்க முடியாது."

நிறைவு செய்ய இன்னொரு படம் வேண்டும். பயனாளி, குழாய், வீட்டுக் கதவு மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும்; கதவு எண் தெரிய வேண்டும். குழாயை மேலே கொண்டுபோக முடியாது. கண்ணாயி கீழே இருந்தாள். மீதி கதவு. திறப்பு விழா அன்று ஜீப்பை மேலே அனுப்பினார்கள். இரண்டு பேர் படியேறிப்போய் இருபத்து நான்காம் எண் வீட்டுக் கதவைக் கீலோடு கழற்றினார்கள். செல்லமுத்து கட்டிலில் படுத்தபடி, "எப்பத் திரும்பி வரும்?" என்று கேட்டானாம். "அடுத்த சந்தைக்கு ஜீப் வரும்போதுண்ணா," என்றார்களாம்.

கதவை மிளகு மூட்டைகளில் சாய்த்து நிறுத்தினார்கள். ஒரு பக்கம் குழாய், ஒரு பக்கம் கண்ணாயி. ராசாமணி கூட்டத்திலிருந்து, "கதவச் சாத்திட்டு வா புள்ள, நாய் பூந்துரும்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாயிக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் கதவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. செல்லமுத்துவால் எழுந்து ஒரு நாயை விரட்டக்கூட முடியாது.

கந்தப்பன் குழாயைத் திறந்துவைத்துப் பேசினார்.

"மேல இருக்கற ஊட்டுக்குத் தண்ணிய ஏத்தணும்னா மோட்டார் வேணும், கரண்டு வேணும், அது ரிப்பேர் ஆகும், ஆளு வேணும். எத்தன செலவு. நம்ம குழு யோசிச்சுச்சு. தண்ணி மேல ஏறாது, அது இயற்கை. ஆனா சனங்க எறங்குவாங்க, அதுவும் இயற்கை. இயற்கையோட சண்ட போடாத ஒரே குழு நம்ம குழுதானுங்க. இன்னிக்கு இந்தக் கொழாய்ல தண்ணி எங்கிருந்து வருது? எங்க ஊட்டுப் போர்ல இருந்து வருது. அதுக்கு மாசாமாசம் சமுதாய நிதியில இருந்து ஒரு தொகை குடுக்கறாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கல. குடோனுக்கு வார லாரிக்காரங்க மூஞ்சி கழுவறாங்க, லாரி கழுவறாங்க. இந்தத் தாயி ஒருத்தியோட கோரிக்கையால எத்தன பேருக்குப் பிரயோசனம் பாருங்க."

கை தட்டினார்கள். கோகுல்நாத்துக்குப் பொன்னாடை போர்த்தினாள் கண்ணாயி.

அன்று பஸ்ஸில் குழாய்த் தண்ணீர் ஒரு குடம் ஏற்றினாள். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். எழுபது வளைவு ஏறி முடித்தபோது குடத்தில் பாதி இருந்தது. மீதிப் பாதி முன்சீட்டுக்காரர் வேட்டியில் இருந்தது.

ஏழு நாள் கதவில்லாமல் இருந்தார்கள். கண்ணாயி வாசலில் சேலையைக் கட்டிவிட்டு, ஊற்றுக்குப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். முன்பு மிளகு உதிர்வது மட்டும்தான் கேட்கும். இப்போது நாயும் சேர்ந்துகொண்டது. எட்டாம் நாள் ஜீப் கதவை ரோட்டோரம் இறக்கிவைத்துவிட்டுப் போயிற்று. அவளே தலையில் வைத்துப் படியேறினாள்.

பங்குனி வெயிலில் மிளகு முழுக்கச் சிவந்துவிட்டது. கண்ணாயி சந்தைக்குப் போவதையே நிறுத்தினாள். காலையில் நாலு குடம், அப்புறம் ஏணி, மத்தியானம் நாலு குடம், அப்புறம் ஏணி. அப்படியும் மூன்று மரத்தில் பாதி உதிர்ந்துபோயிற்று. ஊற்றும் வற்றிக்கொண்டு வந்தது.

நிதியாண்டின் கடைசி நாள், காலை பத்தரை மணிக்குக் கோகுல்நாத் படியேறி வந்தார். அவர் மேல் வரிசைக்கு வருவது அதுதான் முதல் தடவை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, பேச முடியாமல், கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார்.

செல்லமுத்து தவழ்ந்துபோய்ச் சொம்பில் மொண்டுவந்து கொடுத்தான். இரண்டு சொம்பு குடித்தார். மூன்றாவதில் முகம் கழுவினார். கண்ணாயி குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால்குடம் குறைந்திருந்தது.

"பிரமாதமான தண்ணி," என்றார் கோகுல்நாத். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, 'தண்ணீரின் தரம்' என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். "ஒரே ஒரு கைரேகைம்மா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு இணையதளத்த மூடிருவாங்க. எழுபத்தாறு குழுவுல நம்ம குழுவுக்குத்தான் விருதுன்னு பேசிட்டிருக்காங்க. இந்த ஒரு வீடு மட்டும் பாக்கி."

"என்னனு எழுதியிருக்குதுங்க?"

"எல்லாம் வழக்கமானதுதான்."

செல்லமுத்து கையை நீட்டினான். அவன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தான். "மேற்படி... வீட்டின்... வாசலுக்கு... நாள்தோறும்... எட்டுக் குடத்துக்குக் குறையாமல்... குழுவின் மூலம்... குடிநீர் வழங்கப்பட்டு வருகிறது... எனச் சான்றளிக்கிறேன்."

"ஒரு நாளைக்கு ஆளுக்கு அம்பத்தஞ்சு லிட்டர்," என்று விளக்கினார் கோகுல்நாத். "ரெண்டு பேருக்கு நூத்திப் பத்து. குடத்துல சொன்னா எட்டு. அறிவியல்பூர்வமான கணக்கு."

கண்ணாயி வாசலைப் பார்த்தாள். அங்கே கோகுல்நாத்தின் ஷூ மட்டும்தான் இருந்தது.

"இல்லாததுக்கு எப்படிங்க வெரல் வெக்கறது?"

"கூட்டம் நடக்கலன்னு அன்னிக்கு வெச்சீங்களே."

"அது நெசமாவே நடக்கலைங்களே. வெச்சேன்."

கோகுல்நாத் நெற்றியைத் துடைத்தார். படிவம் போகாவிட்டால் இணைப்பு ரத்தாகும், அடுத்த நிதி வராது, கீழ் வரிசைக்காரர்களெல்லாம் உங்களைத்தான் திட்டுவார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கண்ணாயி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் பின்பக்கத்து மரங்களுக்குப் போய்ப் போய் வந்தது.

"எனக்கு மிளகு உதிருதுங்க," என்றாள் கடைசியில். "தண்ணிக்கும் போகோணும். எட்டுக் குடம் இந்த வாசல்ல வந்து எறங்குச்சுன்னா வெக்கறேன். எழுதியிருக்கறது அதுதானுங்களே."

அதை அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. எழுதியிருந்தது அதுதான்.

கோகுல்நாத் மணி பார்த்தார். போன் செய்து ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். தன் வேலை ஓட்டுவது மட்டும்தான், சுமப்பது இல்லை, அது பணி விதியிலேயே இருக்கிறது என்றார் டிரைவர். கந்தப்பனுக்குப் போன் செய்தார். "நீங்க இளவட்டம். குழுவோட மானத்தக் காப்பாத்துங்க தம்பி," என்று அவர் வைத்துவிட்டார். கோகுல்நாத் கொஞ்ச நேரம் படிகளையே பார்த்தார். பிறகு அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலிக் குடத்தை எடுத்தார்.

"இடுப்புல வெக்காதீங்க, வழுக்கும். தோள்ல வெச்சுக்குங்க," என்றான் செல்லமுத்து.

கண்ணாயி கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். முதல் பத்து நிமிஷம் அவளுக்குக் கை ஓடவில்லை. இந்த நேரத்தில் தான் படியில் இருக்க வேண்டும் என்றே கால் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சரம், இன்னொரு சரம் என்று கை பழக்கத்துக்கு வந்தது. ஒரு மரம் முடிந்தது. கோணியைக் கொட்டிவிட்டு அடுத்த மரம். இடையிடையே வாசல் பக்கத்திலிருந்து செல்லமுத்துவின் குரல் வரும். "மூணு." கொஞ்ச நேரம் கழித்து, "இது முக்காக் குடந்தான் இருக்குது, சேத்தி இல்லீங்க." அதற்கு ஏதோ மெல்லிய பதில். "நாலு."

நாலரை மணிக்கு அவள் இறங்கி வந்தபோது, வாசலில் இருந்த எல்லாக் குடமும் அண்டாவும் நிறைந்திருந்தன. கோகுல்நாத் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படிவத்தை மட்டும் நீட்டினார். 'வழங்குபவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

கண்ணாயி கையை முந்தானையில் துடைத்தாள். எட்டும் ஆயிற்றா என்று செல்லமுத்துவிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு பெருவிரலை அழுத்தி வைத்தாள். கோகுல்நாத் படம் எடுத்து அனுப்பினார். பச்சைக் குறி வந்தது. நகலைக் கிழித்துச் செல்லமுத்துவிடம் கொடுத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். கால் வீங்கியிருந்தது. கையிலேயே எடுத்துக்கொண்டார்.

இரண்டு படி இறங்கியிருப்பார்.

"நாளைக்கு எத்தன மணிக்குங்க வாரீங்க?" என்று கேட்டாள் கண்ணாயி.

கோகுல்நாத் சிரித்தபடி திரும்பினார். அவள் சிரிக்கவில்லை. செல்லமுத்து நகலில் 'நாள்தோறும்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்துப் பிடித்திருந்தான். கீழே ரோட்டிலிருந்து ஜீப் ஹாரன் கேட்டது.

"வெள்ளன வந்துட்டா நல்லதுங்க," என்றாள் கண்ணாயி. "வெயில் ஏறிட்டா அந்தப் படி சுடும்."